சிந்திய கதிர்

மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களிற் சிந்திய கதிர் பொறுக்கியே எம் பாட்டியார் தம் மக்களை வளர்த்தார். போவாசின் வயலில் ரூத்து செய்ததும் அதுவே. எனினும், ‘கதிர் பொறுக்கியின் பேரன்’ எனப் பள்ளியில் ஒருவன் எள்ளியபோது யாம் நாணித் தலைகுனிந்தோம். அந்நாணத்தைப் போக்கியது வானநூற் செய்தியொன்றாகும்.

1990-ஆம் ஆண்டில் விண்ணேறிய ஹபிள் தொலைநோக்கியின் நேரம் மிக அரியது. ஆகவே, ஒரு கருவி குறித்த பொருளை நோக்குகையில், உடனுள்ள மற்றொரு கருவி வாளா இராது, தனக்கு நேரேயுள்ள அயல்வானைப் படம்பிடிக்கின்றது. எவ்விடம் நோக்குவதென அது தேர்தல் இயலாது. அறுப்பார் செல்வழியே பொறுக்குவாரும் செல்லல் வேண்டுமன்றோ? இங்ஙனம் கிடைத்த படங்களைக்கொண்டே மங்கலான விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் வடிவத்தை அறிஞர் ஆராய்ந்தனர்.

நம் நாட்டு ஆஸ்ட்ரோசாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சியுண்டு. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று அது ஏவப்பட்டது. அதன் உயராற்றல் எக்ஸ் கதிர்ப் படக்கருவி, இயங்கத் தொடங்கிய அக்டோபர் 6-ஆம் நாளிலேயே, தான் நோக்காத திசையினின்று வந்த காமாக் கதிர் வெடிப்பொன்றை உணர்ந்தது.

சிந்தியது பயன்படுதல் பொறுக்கும் கையினாலேயாம். காப்பகத்திற் கிடக்கும் படம் காண்பாரின்றேல், வயலில் மட்கும் நெல்லே.

சென்ற விடுமுறையிற் பாட்டியாரை அணுகி, “எந்த வயல், அப்பத்தா?” என வினவினோம். அவர் கைநீட்டிக் காட்டினார். அவ்வரப்பில் நெடுநேரம் நின்றோம்.