கீரைச் சத்து உடம்பில் சேரும் வழி

பூந்தமல்லிக்கு மேற்கே, வீட்டுமனைக் கற்கள் நட்ட நிலங்களுக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி போடுகிற ஓர் அம்மாவுக்கு வயது 58. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிறுகீரையும் முளைக்கீரையும் பிடுங்கி, கட்டுக் கட்டி, விடிவதற்குள் வண்டி ஏற்றுவது 30 வருடப் பழக்கம். இரண்டு வருடமாக விரல் கணுக்கள் வீங்குகின்றன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்குவதில்லை. முடக்குவாதம் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்பத்தூரில் பட்டறை வேலைக்குப் போகும் மகன், வெங்காயச் சத்து மாத்திரை என்று ஒரு டப்பா வாங்கி வந்தார். இது இருந்தால் ஆஸ்பத்திரி மாத்திரை வேண்டாம் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“நம்ம கொல்லையில விளையறதுதானே, இதுலயே சரியாப் போனா நல்லதுதானே?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

டப்பாவில் இருந்தது குவர்செடின். செடிகள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் ஃபிளேவனாய்டு என்ற பொருள்களில் ஒன்று. பூவுக்கு நிறம் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இலையைக் காப்பதும் இந்தப் பொருள்களின் வேலை. சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் குவர்செடின் நிறைய உண்டு. 1900-ல் குளித்தலையில் பிறந்த வேதியியல் அறிஞர் டி. ஆர். சேஷாத்ரி, 1930-களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பருத்திப் பூவின் நிறப்பொருள்களை ஆராய்ந்தார். அவையும் இந்த வகைதான்.

சோதனைக் குழாயில் வளர்க்கும் செல்களில் குவர்செடினை விட்டால், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைகின்றன. டப்பா விற்பவர்கள் காட்டுவது இதைத்தான். ஆனால், வாய் வழியாகப் போன குவர்செடின் அப்படியே மூட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை.

வெங்காயத்தில் அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுகுடல் சுவரில் உள்ள நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றி உள்ளே விடுகிறது. பிறகு குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் வேறு பொருள்களை ஒட்டி, வெளியேற்றுவதற்கு ஏற்றபடி மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்த மாறிய வடிவம்தான். சிறுகுடலில் உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சின்னச் சின்ன அமிலங்களாக உடைக்கின்றன. அந்த பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரே கீரையைச் சாப்பிட்டாலும் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை.

1995-ல் நெதர்லாந்தில் பெருங்குடல் அகற்றப்பட்ட 9 பேரிடம் இதை அளந்து பார்த்தார்கள். வெங்காயத்தில் இருந்த குவர்செடினில் 52 சதவிகிதம் உறிஞ்சப்பட்டது. சர்க்கரை நீக்கிய சுத்தமான குவர்செடினில் 24 சதவிகிதமும், தேயிலையில் இருக்கும் வடிவத்தில் 17 சதவிகிதமும்தான் உறிஞ்சப்பட்டன. பிரித்தெடுத்த பொருளைவிட வெங்காயமே உடம்புக்கு அதிகம் கொடுத்தது.

அழற்சி உள்ள இடத்துக்கு வரும் வெள்ளணுக்கள், மாறிய வடிவத்தில் ஒட்டியிருப்பதைக் கழற்றி மறுபடி குவர்செடினாக ஆக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். கீரையும் வெங்காயமும் தினமும் சாப்பிடுவது வீண் இல்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி. மருந்துக்குப் பதில் இது போதும் என்பதற்குச் சான்று ஆகாது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அதை அடக்காமல் விட்டால் எலும்பு அரிக்கும். அரித்த எலும்பு பழையபடி வளராது. விரல் கோணிப்போனால் கீரை பிடுங்கும் கையே போய்விடும்.

அந்த அம்மா அடுத்தமுறை டப்பாவையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டினார். மாத்திரையைத் தொடரச் சொன்ன மருத்துவர், டப்பாவை நிறுத்தச் சொன்னார். செறிவூட்டிய சத்து மாத்திரைகள், கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் விதத்தை மாற்றக்கூடும் என்பதே காரணம். சாப்பாட்டில் சேரும் கீரைக்கும் வெங்காயத்துக்கும் தடை சொல்லவில்லை. டப்பாவுக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை கிலோ சின்ன வெங்காயம் வாங்கியிருக்கலாம் என்று அம்மா கணக்குப் போட, மகன் பதில் பேசவில்லை.

சமையலில் கவனிக்க இரண்டு விஷயங்கள். வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் குவர்செடின் அதிகம். காய்ந்த தோலை மட்டும் உரித்தால் போதும். வேகும்போது அதில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்துவிடலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். விரல் வீக்கமும் காலை நேர இறுக்கமும் சில வாரங்கள் நீடித்தால், கை வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.