காப்பு நகலும் ஓர் அமானிதமே



பாதுகாப்புக்கென்று எடுத்து வைத்த பொருளே, பாதுகாக்கப்பட வேண்டிய பொருளுக்கு இடையூறாகிவிடுவது உண்டு. சர்வர்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அடிக்கடி வரும் புகார், “டிஸ்க் நிறைந்துவிட்டது, எதுவும் இயங்கவில்லை” என்பதாகும். உள்ளே சென்று பார்த்தால், பல வேளைகளில் இடத்தை அடைத்திருப்பவை பேக்கப் கோப்புகள், அதாவது காப்பு நகல்களாகவே இருக்கும். இதனைக் கணினிக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதைச் சென்ற ஷவ்வால் மாதம் எங்கள் ஜமாஅத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வு உணர்த்தியது.

கடலோர ஊரான எங்கள் ஊரில், நிக்காஹ் தஃப்தர்கள் பல கரையானுக்கும் உப்புக் காற்றுக்கும் இரையாகத் தொடங்கியிருந்தன. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர்கள் சிலர் கூடி, அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, மாத வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் ஏற்றும் பணியைத் தொடங்கினார்கள். மணமக்களின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடினால் உரிய பக்கம் வந்துவிடும். பழைய தஃப்தர்கள் சிலவற்றின் தாள்கள் இன்று தொட்டாலே உதிர்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை ஸ்கேன் செய்த படமே மூலமாகிவிட்டது.

ஷவ்வாலில், வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் செல்லவிருந்த ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் பதிவின் சான்றுநகல் அவசரமாகத் தேவைப்பட்டது. விசா விண்ணப்பத்துக்கு நான்கு நாள்களே இருந்தன. ஜமாஅத் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். திரும்பத் திரும்ப அதே பக்கத்துலதான் வந்து நிக்குது. இடம் இல்லைன்னு ஒரு எச்சரிக்கை வந்துச்சு. ஆண்டு விழா வீடியோவ எல்லாம் அழிச்சிட்டேன். அப்பவும் சரியாகல.”

“வேறு எதையும் அழிக்க வேண்டாம் காக்கா. நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

முதலில் டிஸ்கின் மொத்த நிலையைக் காட்டும் கட்டளையை இட்டேன். 40 ஜி.பி. கொள்ளளவில் 100 விழுக்காடும் நிறைந்திருந்தது. ஒருவர் உள்நுழையும்போது, அவர் இன்னார் என்று நினைவில் வைத்துக்கொள்ள, சர்வர் ஒரு சிறிய கோப்பை எழுதும். அதற்கும் இடமில்லாமல் போனதால்தான், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் கதவு திறக்கவில்லை. செயலாளர் அழித்த வீடியோக்களோ, அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையின் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடந்தன. குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்வரை, அழித்த கோப்பு இடத்தை விட்டு நகராது.

அடுத்து, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறங்கிப் பார்த்தேன். சர்வரின் சொந்தத் தேவைக்கு ஏறத்தாழ 6 ஜி.பி.; தஃப்தர் படங்களும் தகவல் தளமும் சேர்ந்து 3 ஜி.பி.; எஞ்சிய 31 ஜி.பி.யும் பேக்கப் கோப்புறை ஒன்றில் மட்டும் இருந்தது.

காரணம் எளிது. ஒவ்வோர் இரவும் முழுவதையும் நகலெடுக்கவும், 30 நாள் நகல்களை வைத்திருக்கவும் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அன்றைக்கு மொத்தச் சேமிப்பே 300 எம்.பி.தான். 30 நகல் எடுத்தாலும் 9 ஜி.பி.க்குள் அடங்கிவிடும், பொருத்தமான ஏற்பாடுதான். ரமளான் விடுமுறையில் இளைஞர்கள் உற்சாகத்துடன் எஞ்சிய தஃப்தர்களையும் ஸ்கேன் செய்து ஏற்றியபோது, சேமிப்பு 3 ஜி.பி.யாக உயர்ந்தது. 30 நகலுக்கு 90 ஜி.பி. தேவை, டிஸ்கோ 40 ஜி.பி. நகல்களைச் சுருக்கித்தானே வைக்கிறோம் என்று கேட்கலாம். ஜேபெக் வகைப் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்கினாலும் அளவு பெரிதாகக் குறையாது.

“புதுசு நாலு மட்டும் வச்சுக்கிட்டு, பழசையெல்லாம் அழிச்சிடலாமே தம்பி” என்றார் செயலாளர். எவருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் அழிப்பதற்கு முன் ஒவ்வொரு கோப்பும் முழுமையாக இருக்கிறதா என்று சோதித்தேன். அண்மைய நான்கு இரவுகளின் நகல்கள் நான்குமே பாதியில் அறுந்தவை. எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நிறைந்துவிட்டதால், கோப்பின் பெயரும் தேதியும் இருந்தனவே தவிர, உள்ளடக்கம் முழுமையாக இல்லை. அதைவிடக் கவலைக்குரியது ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. பழைய நகல் ஒன்றை அழித்துவிட்டுப் புதியதை எடுக்கும்படி அந்த ஏற்பாடு அமைந்திருந்தது. ஆகவே ஒவ்வோர் இரவும் முழுமையான நகல் ஒன்று அழிய, அதன் இடத்தில் குறைபட்ட நகல் ஒன்று அமர்ந்துகொண்டிருந்தது. “புதியது நல்லது, பழையது வேண்டாதது” என்று நம்பி அழித்திருந்தால், பயன்படாத நான்கு கோப்புகளே மிஞ்சியிருக்கும். அதன்பின் மூலத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் கைகொடுக்க ஒன்றும் இராது.

டிஸ்க் நிறைந்ததைவிட என்னை அதிகம் பதறவைத்தது வேறொன்று. அந்தப் பேக்கப் கோப்புறை, இணையதளத்தின் பொதுப் பகுதிக்குள்ளேயே இருந்தது. கோப்பின் பெயரோ வெறும் தேதி. அதை ஊகித்து முகவரியில் தட்டச்சு செய்யும் எவரும், உள்நுழையாமலேயே முழுத் தஃப்தரையும் இறக்கிக்கொள்ளலாம். நம் சகோதரிகளின் பெயர், தந்தையர் பெயர், வீட்டு முகவரி, மஹர் விவரம், சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. சர்வரில் இருந்த வருகைப் பதிவுகளைத் தேடிப் பார்த்ததில், வெளியார் எவரும் அவற்றை எடுத்ததாகத் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அதன்பின் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வேறு ஜமாஅத்துகளுக்கும் மதரஸாக்களுக்கும் பயன்படலாம். முதலில் பேக்கப் கோப்புறையைப் பொதுப் பகுதியிலிருந்து வெளியே நகர்த்தினேன். அடுத்து, முழுமையாக இருந்தவற்றுள் கடைசி நகலை என் மடிக்கணினிக்கு இறக்கி, அதில் தஃப்தர் முழுவதையும் மீண்டும் இயக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் நிக்காஹ் பக்கம் தெளிவாகத் திறந்தது. அதை அச்சிட்டு, செயலாளர் கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகே சர்வரில் அழிக்கும் வேலையைத் தொடங்கினேன்: முதலில் குப்பைத் தொட்டி, பிறகு குறைபட்ட நகல்கள், இறுதியாகத் தேவைக்கு மிஞ்சிய பழைய நகல்கள். டிஸ்க் நிறைந்திருந்த நாள்களில் நடந்த நிக்காஹ்களைத் தஃப்தர் எழுதுபவர் வழக்கம்போல் பேனாவால் தாளில் எழுதி வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக் கணினியில் ஏற்றினோம். தாளும் பேனாவும் இன்னும் ஓய்வுபெறவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

சிறிய அமைப்பு என்பதால் இப்படி நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று, டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் உள்ள தன் 14 வாகனத் தொழிற்சாலைகளிலும் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. ஊடுருவல் தாக்குதல் எதுவும் அதற்குக் காரணமில்லை. பராமரிப்புப் பணியின்போது தகவல் தளத்தை ஒழுங்குபடுத்துகையில் டிஸ்கில் இடம் போதாமல், உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் நின்றுபோயின. மாற்றாக வைத்திருந்தவையும் அதே அமைப்பில் இயங்கியதால், அங்கும் அதே கோளாறு ஏற்பட்டது. மாற்று என்று பெயர் இருந்தால் போதாது. அது உண்மையில் வேறாக, வேறிடத்தில் இருக்க வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது மற்றொரு பாடம். ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் தகவல் தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்புக்குப் பல வழிமுறைகளை வைத்திருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகலைக் கொண்டே மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்தின் தரவு போய்விட்டது. நகல் எடுக்கிறோம் என்ற நம்பிக்கை வேறு. எடுத்த நகல் திறக்கிறதா என்ற அறிவு வேறு.

எங்கள் ஜமாஅத்தில் இப்போது ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தஃப்தரின் பக்கம் இன்றிரவு மாறப்போவதில்லை. அதை இரவுதோறும் நகலெடுப்பது வீண்விரயம். ஆகவே சில எம்.பி. அளவே உள்ள தகவல் தளத்தை மட்டும் நாள்தோறும் எடுத்து, 14 நகல்கள் வைத்திருக்கிறோம். படங்களில் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் வேறிடத்தில் உள்ள சேமிப்புக்குச் செல்கின்றன. மாதந்தோறும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில், கடவுச்சொல் இல்லாமல் படிக்க இயலாதபடி பூட்டி, ஜமாஅத் அலுவலகப் பீரோவில் வைக்கிறோம். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று துறையில் வழங்கும் விதி இதுதான். டிஸ்க் 80 விழுக்காட்டைத் தாண்டினால் செயலாளருக்கும் எனக்கும் மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு பிறையின் முதல் வாரத்திலும் ஒரு நகலைத் திறந்து, ஏதேனும் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்கிறோம்.

இதை எழுதும்போது நம் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், திருக்குர்ஆன் பிரதிகள் கவனமாகச் சரிபார்த்து எழுதப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஏனைய ஏடுகளை அகற்றவும் ஆணையிடப்பட்டது. அந்த மாபெரும் பணியோடு நம் சிறு வேலையை ஒப்பிட முடியாது. ஆயினும் சரிபார்த்தல், பல இடங்களில் வைத்தல், மற்றவற்றை அகற்றுதல் என்னும் மூன்றிலும் நமக்குப் படிப்பினை உண்டு.

இல்லத்தரசிகளும் பெரியவர்களும், “எங்களிடம் சர்வர் ஏது?” என்று கேட்கலாம். உங்கள் கையில் உள்ள கைப்பேசியே போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் இரவுதோறும் ஒரு நகல் எடுத்து, கடைசி ஏழு நாள் நகல்களைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கூகுள் கணக்குக்கு அனுப்பும் நகலோ, 2024 முதல் இலவசமான 15 ஜி.பி. வரம்புக்குள் கணக்கிடப்படுகிறது. காலை வாழ்த்து வீடியோக்கள் அந்த இடத்தை நிறைத்துவிட்டால், மறைந்த வாப்பாவின் குரல் பதிவும், உம்ராவில் எடுத்த படமும், வீட்டுப் பத்திரத்தின் நகலும் புதிதாகச் சேமிக்கப்படாமல் நின்றுபோகும். எச்சரிக்கை வந்ததும் கைக்குக் கிடைத்ததை அழித்துவிடாதீர்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை என்று குடும்பத்தோடு அமர்ந்து பிரியுங்கள். அவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள். அவை அங்கே இருக்கின்றனவா, திறக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பின்பு மற்றவற்றை அழியுங்கள்.

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த விவரம் அமானிதம் என்றால், அதன் ஒவ்வொரு நகலும் அமானிதமே. எத்தனை நகல், எங்கே, யார் பொறுப்பில் என்று சொல்ல முடியாத நிலையில், நகல்கள் பெருகப் பெருக நம் பொறுப்பும் பெருகுகிறது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ கணினிப் பதிவுகள் இருக்குமானால், இந்த வாரமே நிர்வாகிகளிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியாக எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்த்தது எப்போது?”

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரிய முறையில் பேணும் ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.