வகையுளி

சென்ற ஆண்டு துறைக் கருத்தரங்கில் நான் முதன்முதலாகக் கட்டுரை படித்த கதையை நண்பர் சிலர் அறிவர். அறியாதாருக்கும் இப்போது நானே சொல்லிவிடுகிறேன். ‘ஹைபொதசிஸ்’ என்னும் சொல் அக்கட்டுரையில் பத்து இடங்களிலாவது வந்திருக்கும். அத்தனை இடத்திலும் ‘ஹைப்போ தீசிஸ்’ என்றே முழங்கினேன். மூன்றாம் முறை புன்னகை எழுந்தது. ஐந்தாம் முறை சிரிப்பு. எதற்கென்று தெரியாமலே படித்து முடித்தேன். அதன்பின் இரண்டு மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஐயம் கேட்க வேண்டிய இடத்திலும் கேட்கவில்லை.

காரணத்தை விளக்கியவர் எங்கள் விடுதியிலுள்ள தமிழ் ஆராய்ச்சி மாணவர் ஒருவர். “தம்பி, நீ சொல்லைப் பிரித்ததில் பிழையே இல்லை. கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழ்; ‘தீசிஸ்’ என்றால் வைத்தல். வாதத்துக்கு அடியில் வைப்பது அது. பகுபதம் பிரித்துவிட்டாய்; அலகிடத்தான் மறந்தாய்!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளியில் குறளுக்குச் சீர் பிரிக்கையில் சில சொற்கள் நடுவே அறுபட்டு, பாதி இந்தச் சீரிலும் பாதி அடுத்த சீரிலும் நிற்கும். வகையுளி என்று படித்தோமல்லவா? ஆங்கில நெடுஞ்சொற்கள் பலவும் அப்படித்தான். பொருள் ஓரிடத்தில் பிரியும். மூச்சு வேறிடத்தில் பிரியும். ஹெலிகாப்டரை நாம் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று வெட்டுகிறோம். பிறப்பைப் பார்த்தால் சுருள் என்னும் பொருளுடைய ‘ஹெலிகோ’வும், சிறகு என்னும் பொருளுடைய ‘ப்டெரோ’னும் சேர்ந்தது அது.

தொல்லை அதோடு தீரவில்லை. நமக்குக் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். அழுத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆங்கிலச் சொல்லிலோ ஓரசைக்கே தலைமை. அதுவும் விகுதி மாறினால் இடம் பெயரும். ‘போட்டோகிராப்’ என்பதில் முதலசையில் இருப்பது, ‘போட்டோகிராபர்’ என்றதும் இரண்டாவதற்கும், ‘போட்டோகிராபிக்’ என்றதும் மூன்றாவதற்கும் தாவும். ‘இக்’ விகுதி பெரும்பாலும் தனக்கு முன்னசையையே உயர்த்தும். தலைமை இழந்த உயிரோ நம் குற்றியலுகரம்போல் தேய்ந்துபோகும். ‘ஹைபொதசி’ஸில் தலைமை ‘பொ’வுக்கு, என் அருமைத் ‘தீ’ தேய்ந்து ‘த’ ஆகிவிட்டது. நானோ எல்லா அசைக்கும் சமபங்கு கொடுத்த தமிழ்ப்பிள்ளை!

அகராதியில் அழுத்த அசைக்கு முன் ஒரு சிறு கோடு நிற்கிறது. 12 ஆண்டு ஆங்கிலம் படித்தும் அதை அச்சுப்பிழை என்றே எண்ணியிருந்தேன்.

இவ்வாண்டுக் கட்டுரையில் நெடுஞ்சொல் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பென்சிலால் அக்கோட்டை இட்டுக்கொண்டு போனேன். ‘ஹைபொதசிஸ்’ தடையின்றி வந்தது. ஆயினும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ‘ஹைப்பொதெடிகல்’ வந்தபோது, ‘தெ’வை விட்டுப் பழைய பாசத்தில் ‘பொ’வையே அழுத்திவிட்டேனாம்.