பயன் வேண்டலும் பதியை வேண்டலும்

இறைவன் திருமுன் நிற்பார் பலரும் ஏதேனும் ஒன்றை வேண்டியே நிற்கின்றனர். பிணி நீங்குக என்பார் ஒருவர். மகப்பேறு அருள்க என்பார் மற்றொருவர். வழக்கு வெல்க என்பார் வேறொருவர். வேண்டியது கிடைத்துழி நேர்த்திக்கடன் செலுத்தி மறந்தொழிவார் உளர். கிடையாவழி, ‘இத்துணை நாள் வழிபட்டும் பயன் என்னை?’ என்று கோயில் வாயில் மிதியாது ஒழிவாரும் உளர். இவ்விரு திறத்தார் செயலும் வேறுபோலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. இவர்கள் விரும்பியது கொடையை, கொடுப்பவனை அன்று.

அற்றேல், துன்புற்றார் இறைவனிடம் முறையிடுதல் குற்றமோ எனின், அன்று. பசித்த குழவி தாயிடத்தன்றி வேறு யாரிடத்து அழும்? பசி நீங்கிய பின்னும் அக்குழவி தாயை நாடுகின்றதா என்பதே ஆராயற்பாலது. இதனைத் தெளிதற்குத் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை.

திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார் சமண் சமயம் புக்குத் தருமசேனர் என்னும் பெயருடன் சிறப்புற்றிருந்தார். அவர்தம் தமக்கையார் திலகவதியார், தமக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் இறந்தமை கேட்டுத் தாமும் உயிர்விடத் துணிந்தவர். தம்பியார் பொருட்டே உயிர் தாங்கியவர். திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் பணிபுரிந்த அவ்வம்மையார் இறைவனிடம் ஒன்று வேண்டினார். அது தம் நலங்குறித்ததன்று. தம்பியாரை ஆண்டருள வேண்டும் என்பதே. அவ்வேண்டுகோள் நிறைவேறிய வகையோ வியப்புடையது. தம்பியார்க்குக் கொடிய சூலைநோயாகவன்றோ திருவருள் வந்தது!

மருந்தாலும் மந்திரத்தாலும் நோய் தணியாமையால், மருணீக்கியார் இரவிலே திருவதிகை அடைந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். அவரை அங்கே செலுத்தியது மெய்ப்பொருள் வேட்கையன்று, பொறுக்கலாகாத வலியே. இதனை மறைக்க வேண்டுவதில்லை. தமக்கையாரும் அவரை இகழ்ந்திலர், கடிந்திலர். திருநீறு அளித்து, விடியற்காலையில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டு தாம் நாடோறும் செல்லும் பணிக்கே அவரையும் உடனழைத்துச் சென்றார். திருமுன் நின்று பதிகம் பாடினார், சூலை நீங்கிற்று.

வந்த காரியம் அன்றே முடிந்தது. பயனொன்றே கருதினாராயின் அவர் அன்றே அகன்றிருப்பார். அவரோ கையில் உழவாரம் ஏந்தினார். அதனைப் பின் ஒருநாளும் கீழே வைத்திலர். ஒரு துன்பம் நீங்கப் பல துன்பங்கள் அவரை வந்தடைந்தன. பல்லவ மன்னன் ஆணையால் நீற்றறையில் இடப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார், யானைமுன் விடப்பட்டார், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டார். இலாப நட்டம் எண்ணுவார்க்கு இது பெருநட்டமே. உறவு கொண்டார்க்கோ அவ்வெண்ணமே எழுவதில்லை.

முதுமையில் அவர் திருப்புகலூர்த் திருமுற்றத்தில் உழவாரப்பணி செய்கையில் பொன்னும் மணியும் மண்ணிடையே தோன்றி ஒளிர்ந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒருங்கே வாரித் திருக்குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்கின்றார். வலியின் நீக்கத்தை வேண்டி வந்தவர், வேண்டாமலே வந்த பொன்னையும் குப்பையெனக் கண்டார். இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்டதே அடிமை நெறி. சித்தாந்த நூல்கள் தாதமார்க்கம் என்று கூறும் சரியை இதுவே.

உயிர்க்கும் பதிக்கும் உள்ள தொடர்பு நம் வேண்டுகோளால் தோன்றியதன்று, அநாதியே உள்ளது. ஒளியின்றிக் கண் காணாதவாறு போல, அவனின்றி உயிர் ஒன்றையும் அறியாது. ஆணவ மறைப்பால் அத்தொடர்பை உணராது, ‘யான், எனது’ என்று நின்று அவனையும் நம் காரியத்துக்குக் கருவியாக்க முற்படுகின்றோம். ஆகலின், கேட்டது கிடையாமையால் உறவு அற்றதென்று எவரும் கலங்கற்க. கிடையாது போயினும் தாய் தாயே.

நுகர்வினை உடலோடு உள்ளது. எல்லார் நோயும் நீங்கும் என்று உறுதி கூறுதல் இயலாது. ஆயினும் வேண்டுகோளோடு கோயிலுக்குச் செல்வார் தடையின்றிச் செல்க. செல்லுங்கால் நந்தவனத்துக்கு ஒரு குடம் நீரும் கொண்டு செல்க. வேண்டியது கிடைப்பினும் கிடையாதொழியினும் மறுநாளும் அக்குடத்தோடு செல்க. வேண்டுகோள் ஒருநாள் தானே நழுவும். பணியும் அன்பும் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.