ஆலமரத்தடியில் இரண்டு ஞாயிறுகள்

இரட்டைக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரார் இருவரையும் சேர்த்து ஒரே பெயரால் அழைப்பர்; நாளடைவில் பெற்றோரும் அவ்வாறே எண்ணத் தலைப்படுவர். நம் எட்டு வயதுப் பெண்கள் இருவரும் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் ‘ரெட்டைகள்’ என்றே வழங்கப்படுகின்றனர். எட்டு நிமிடம் முந்திப் பிறந்தவள் வாயாடி. இளையவளை எவர் எது கேட்டாலும் விடை மூத்தவளிடமிருந்தே வரும். இது நீடிக்கலாகாது என்று நம் இல்லாள் பன்முறை எடுத்துரைத்ததன் பேரில், சென்ற மாதம் இரண்டு ஞாயிறுகளில் ஒவ்வொருத்தியையும் தனியே ஹௌராவுக்கு அழைத்துச் செல்லத் துணிந்தோம். ஒருத்திக்கு ஒன்றும் மற்றவளுக்கு வேறொன்றும் காட்டினால் வழக்கு எழும் என்றஞ்சி, வழியையும் காட்சியையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டோம். வீட்டில் தங்குபவள் தாயுடன் கோல் பஜார் சென்று வருவாள் என்பது ஏற்பாடு.

கரக்பூர் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது. உலகிலேயே நீளமானது என்று பெருமை பேசிவந்தோம். 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்பள்ளியும் நம்மை முந்திவிட்டன. போகட்டும். நடப்பதற்கு இன்றும் அது நீளந்தான்.

முதல் ஞாயிறு மூத்தவளுடையது. வழிநெடுகப் பேசித் தீர்ப்பாள் என்று எண்ணியிருந்தோம். அவளோ, கோலாகாட்டில் வண்டி ரூப்நாராயண் ஆற்றைக் கடந்தபோதும் வாய் திறவாமல் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். ஹௌரா பாலத்தை நடந்தே கடந்தோம். 1943-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் கிடையாது. எஃகுப் பாளங்களைப் பிணைத்திருப்பவை திருகாணிகள் அல்ல, ரிவெட் எனப்படும் தறையாணிகள். இவற்றை நாம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்க, “இப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், அப்பா?” என்றாள். அன்று இக்கேள்வி நான்கு முறை எழுந்தது. மறுகரையில், மல்லிக் காட் பூச்சந்தையில் செண்டுமல்லி மாலைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒன்று வாங்கித் தருகிறோம் என்றோம். “இரண்டு” என்றாள்.

அடுத்த ஞாயிறு இளையவளுடன் அதே வண்டி, அதே பாலம். ஷிப்பூர் தாவரவியல் பூங்காவை அடைந்தபோது உச்சி வேளை. 1787-இல் நிறுவப்பட்ட அப்பூங்காவின் பேராலமரத்தைக் காணாதவர்கள் அவசியம் காணவேண்டும். முந்திய வாரம் மூத்தவள் இதனைப் பார்த்து, “மரமா, காடா?” என்று கேட்டுவிட்டுப் பசிக்கிறது என்றாள். இளையவள் மெல்லச் சுற்றி வந்து, “அடிமரம் எங்கே?” என்றாள். 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் காயமுற்று, பின்னர் பூஞ்சையால் உளுத்துப்போன அடிமரத்தை 1925-இல் வெட்டி அகற்றிவிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மீதே மரம் நிற்கிறது என்று சொன்னோம். அவள் விழுதுகளை எண்ணப் புறப்பட்டாள்.

பொழுதாயிற்றென்று பெஞ்சில் இருந்தபடியே கூப்பிட்டோம். உடனே ஓடி வந்தாள். அதன் பின்னரே நாம் அழைத்தது மூத்தவளின் பெயரை என்பது உறைத்தது.

“அது அக்காள் பெயராயிற்றே, ஏனம்மா வந்தாய்?”

“யார் பெயரைச் சொன்னாலும் வந்துவிடுவேன். ‘நான் அவள் இல்லை’ என்றால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இல்லையா?”

நமக்கு மறுமொழி வரவில்லை. இப்படி எத்தனை முறை நிகழ்ந்திருக்கும் என்று கேட்கவும் துணிவில்லை.

திரும்பும் வண்டியில், உலுபேரியா தாண்டியதிலிருந்து அவளே பேசினாள். சந்தேஷ் அவளுக்குப் பிடிக்காதாம். ‘எங்கள் இருவருக்கும் வேண்டும்’ என்று மூத்தவள் சொன்னதை நம்பி இத்தனை ஆண்டுகளாக இரண்டாக வாங்கி வந்திருக்கிறோம். இருட்டில் படுக்கப் பயமில்லை; பயப்படுபவள் மூத்தவளாம். அதனால்தான் இருவரும் ஒரே போர்வையில் படுக்கிறார்களாம். பாஞ்ச்குரா வந்தபோது நம் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் ஹௌரா செல்வது இல்லாளின் முறை. வீட்டில் தங்குபவளுடன் கோல் பஜார் செல்வது நாம். அங்கே தனக்கு என்ன வாங்க வேண்டுமென்று இளையவள் இப்போதே சொல்லிவிட்டாள். மூத்தவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.