திடலுக்குள் நுழைய மறுத்த செவலை



'சண்டிக் குதிரை' என்றொரு வழக்கு நம் தமிழில் உண்டு. வேலை செய்ய மறுக்கும் குதிரையைச் சுட்டிய அச்சொல், நாளடைவில் சொற்பேச்சுக் கேளாத பிள்ளைக்கும், கிளம்ப மறுக்கும் பழைய மகிழுந்துக்கும்கூடப் பெயராகிவிட்டது. அச்சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு குதிரையைச் 'சண்டி' என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. குற்றம் குதிரையினுடையது என்று கணக்கை முடித்துவிடலாம். அவ்வாறு முடித்துவிடாத ஒருவரைப் பற்றியும், அவர் கைக்கு வந்து சேர்ந்த ஒரு குதிரையைப் பற்றியும் இப்பதிவில் எழுத விழைகிறேன்.

கிராஞ்சிக்குப் பிறகு

அவர் என் தாய்மாமா. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர். 'சைஸ்' என்று இங்கே அழைப்பார்கள். ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன்னே கடற்பாலத்தைக் கடந்து கிராஞ்சிக்குச் செல்வார். 1842ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அத்தோடு மாமாவின் வேலையும் முடிந்தது. ஆனால் குதிரை வாடை இல்லாமல் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள சிறிய குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் சேர்ந்துகொண்டார்.

2025ஆம் ஆண்டில் அங்கு ஒரு குதிரை வந்தது. ஏழு வயது, செம்பழுப்பு நிறம், பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. பதிவுத் தாளில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. மாமா அதைச் 'செவலை' என்றே அழைத்தார்.

பந்தயக் குதிரை ஓடுவது சில ஆண்டுகள்தாம். ஆனால் நன்கு பராமரித்தால் இருபத்தைந்து ஆண்டுகள் வரைகூட வாழும். எஞ்சிய காலத்தை அது எங்கே, எப்படிக் கழிக்கும் என்பது, வேறொரு வேலையைக் கற்றுக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது. செவலை கற்க வேண்டிய வேலை எளியதாகவே தோன்றியது. நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட மணல் திடலில், முதுகில் ஒரு சிறுவனையோ சிறுமியையோ சுமந்துகொண்டு அமைதியாகச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான்.

அதைத்தான் அது செய்ய மறுத்தது. லாயத்திலிருந்து தோட்டச் சாலைக்கு அழைத்தால் ஆவலோடு வந்தது. திடலின் வாயிலைக் கண்டதும் நின்றது. காதுகள் பின்னால் மடிந்தன, வால் சுழன்றது. உள்ளே இழுத்துச் சென்றாலும், ஒவ்வொரு சுற்றிலும் வாயிலருகே வந்ததும் தூணைப்போல் நின்றுவிடும். குதிகாலால் உந்தினால் முதுகை வில்லாக வளைக்கும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஓர் உயிர் நகர மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டால், எந்தப் பலசாலியாலும் அதை நகர்த்த இயலாது.

பொறுப்பாளர் மூன்று மாதத் தவணை கொடுத்தார். "அதற்குள் திடலில் வேலை செய்யாவிட்டால் வைத்திருக்க இயலாது" என்றார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. வைக்கோலும் லாடமும் மருத்துவமும் இலவசமாகக் கிடைப்பவை அல்ல. ஆனால் வேலை செய்ய மறுக்கும் பந்தயக் குதிரையைக் கேட்டு வருவோர் மிகச் சிலரே என்பதை லாயத்தில் இருந்த எல்லாரும் அறிந்திருந்தனர்.

முதல் கேள்வி: வலிக்கிறதா?

அவ்வாண்டுப் பள்ளி விடுமுறையிலும், பின்னர் வந்த சனிக்கிழமைகளிலும் நான் அங்குச் சென்று வந்தேன். சாட்டையை எடுப்பார் என்று எதிர்பார்த்த பணியாளர்களுக்கு முன்னால், மாமா சேணத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை எடுத்தார். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து இடுப்பு வரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் செவலையின் தோல் துடித்தது. தலையைத் திருப்பிப் பார்த்தது.

"மாமா, இது பிடிவாதம் இல்லையா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை, பிடிவாதம் என்று சொல்லலாம். ஆனால் அதைக் கடைசியாகச் சொல்லவேண்டும். முதலில் வலிக்கிறதா என்று பார்க்கவேண்டும்" என்றார்.

இதை அறிவியலும் ஏற்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர்தம் குழுவினரும், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காதுகளை நெடுநேரம் பின்னால் மடித்தல், வாலைச் சுழற்றுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், தானாகவே நின்றுவிடுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், உடலில் எங்கோ வலி இருக்கக்கூடும் என்று கொள்ளவேண்டும். 'திமிர்' என்று பொதுவாக நாம் சொல்லும் செயல்களில் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மாமா வரிசையாகப் பார்த்தார். குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். கால்நடை மருத்துவரை அழைத்துப் பற்களைச் சோதிக்கச் செய்தார். கூர்மையான பல் விளிம்பு கன்னத்தின் உட்பக்கத்தைக் கிழித்தால், கடிவாளம் போட்டாலே வலிக்கும். வேலை முடிந்ததும் வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரையின் உடற்சூடு தணியாது. அது வேலைக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. செவலைக்கு நன்றாகவே வியர்த்தது.

கோளாறு சேணத்தில் இருந்தது. பந்தயச் சேணம் மிக இலேசானது. பள்ளியின் சேணமோ கனமானது. வேறொரு குதிரையின் முதுகுக்கு ஏற்றது. அது செவலையின் தோள்பட்டைக்குப் பின்னால் அழுத்தியிருக்கிறது. திடலில் திரும்பும்போதெல்லாம் அந்த அழுத்தம் கூடும். பொருத்தமான சேணம் ஒன்று தேடிப் பெறப்பட்டது. முதுகுக்கு இரண்டு வாரம் ஓய்வு அளிக்கப்பட்டது.

தீவனத்திலும் ஒரு மாற்றம் செய்தார். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. வெறும் வயிற்றோடு ஓடினால் அந்த அமிலம் மேலே தெறித்து, பாதுகாப்பற்ற பகுதியைப் புண்ணாக்கும். எனவே வேலைக்கு முன்னர்க் கொஞ்சம் வைக்கோல் கொடுப்பது வழக்கமாயிற்று.

வலி நீங்கியது, நினைவு நீங்கவில்லை

இரண்டு வாரம் கழித்து, புதிய சேணத்தோடு திடலுக்கு அழைத்துச் சென்றனர். செவலை வாயிலில் அதே இடத்தில் நின்றது.

எனக்கு வியப்பாக இருந்தது. மாமாவுக்கு இல்லை. "முதுகு ஆறிவிட்டது என்று நமக்குத் தெரியும். அதற்கு இன்னும் தெரியாதே" என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்துக் களைந்துவிட்டோம், இனி மறுப்பதற்கு உனக்கு என்ன உரிமை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் குதிரை இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் விலங்கு. திடல் என்றால் வலி என்று அது கற்றிருந்தது. வாயில் என்றால் விடுதலை என்றும் கற்றிருந்தது. ஏனெனில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து சேணம் தளர்த்தப்பட்ட இடம் வாயில்தான். நின்ற இடத்தில் அது நின்றதற்குக் காரணம் இருந்தது.

மாமா அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கினார். முதல் பத்து நாள் யாரும் அதன்மேல் ஏறவில்லை. அவர் கயிற்றைப் பிடித்துத் திடலுக்குள் அழைத்துச் செல்வார், நடுவில் நிற்பார், கழுத்தின் அடியில் சொறிந்துவிடுவார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் இடம் அது. பிறகு வெளியே வந்துவிடுவார். அதன்பின் வேலையைத் தோட்டச் சாலையில் வைத்துக்கொண்டார். நடையும் ஓட்டமுமாக அங்கே அரை மணி நேரம் பயிற்சி நடக்கும். அதை முடித்துக்கொண்டு திடலுக்குள் வந்து, வாயிலுக்கு எதிர்க்கோடியில் இறங்கிச் சேணத்தைத் தளர்த்துவார். வேலை வெளியே, ஓய்வு திடலில். நான்காம் வாரத்தில், வாயிலைக் கண்டதும் செவலையின் நடை சற்றே வேகமானது. என் கண்ணாலேயே கண்டேன்.

அடுத்ததுதான் நுட்பமானது. திடலுக்குள் ஏறி அமர்ந்து, காலால் இலேசாகத் தொடுவார். செவலை நகர நினைத்ததுமே, கால் எடுத்து வைக்கும் முன்பே, அழுத்தத்தை விட்டுவிடுவார். குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தமன்று. அழுத்தம் நீங்கும் நொடிதான். நகர்ந்த பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால், நகர்வதால் பயனில்லை என்பதையே அது கற்றுக்கொள்ளும். பந்தயத்தில் ஒரே திசையில் ஓடிப் பழகிய உடலுக்கு இருபுறமும் வளைந்து திரும்புவது கடினம் என்பதால், பெரிய வளைவுகளே முதலில் கேட்கப்பட்டன. தரையில் சில மரக்கழிகளைக் கிடத்தி, அவற்றைத் தாண்டி நடக்கவிட்டார். ஒரே வட்டத்தைச் சுற்றும் சலிப்பு அதனால் குறைந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டியதில்லை. நன்றாகச் செய்தவுடன் இறங்கிவிடுவார்.

ஒரு நாள் செவலை மிக அழகாகச் சுற்றி வந்தது. "இன்னும் ஒரு சுற்று போகலாமே, மாமா" என்றேன். "அந்த ஒரு சுற்று உனக்காகவா, அதற்காகவா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கரான செனபன், குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். கட்டாயத்தால் குதிரை செய்வதை அது புரிந்துகொண்டு செய்வதில்லை என்பது அவர் கருத்து. மாமா அந்நூலைப் படித்தவர் அல்லர். லாயத்தில் முப்பது ஆண்டு நின்று அதே முடிவுக்கு வந்திருக்கிறார்.

தவணை முடிந்தபோது

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரத்தில் பொறுப்பாளர் வந்து பார்த்தார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி செவலையின்மேல் அமர்ந்திருந்தாள். மாமா பக்கத்தில் நடந்தார். மூன்று சுற்று முடிந்தது. நான்காம் சுற்றில் வாயிலருகே செவலை நின்றது. எங்களுக்கு மூச்சே நின்றதுபோல் இருந்தது. மாமா எதுவும் செய்யவில்லை. அச்சிறுமியையும் எதுவும் செய்யவிடவில்லை. செவலை வாயிலைப் பார்த்தது. பெருமூச்சு ஒன்று விட்டது. பிறகு தானாகவே நடந்தது. "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் போனார். அந்த ஒரு சொல்லால் செவலை அங்கேயே தங்கியது.

செவலை சிறந்த குதிரையாகிவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. இப்போதும் சில நாள்களில் வாயிலருகே தயங்குகிறது. அப்படித் தயங்கும் நாள்களில் மாமா முதலில் சேணத்தைக் கழற்றி முதுகைத் தொட்டுப் பார்க்கிறார். பழைய பழக்கம்தானே என்று விட்டுவிடுவதில்லை.

பிள்ளைகள் குதிரைகள் அல்லர். அதை நான் அறிவேன். ஆயினும் லாயத்தில் கண்ட ஒன்றை வகுப்பறைக்கு எடுத்து வந்திருக்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் வரவே அஞ்சும் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனை இப்போது வாசிக்கச் சொல்லி முன்னே அழைப்பதில்லை. பலகையைத் துடைக்கவும், புத்தகங்களை எடுத்துக் கொடுக்கவும் அழைக்கிறேன். வேலை முடிந்ததும் போய் அமர்ந்துகொள்கிறான். அந்த இடம் அவனுக்கு முதலில் அச்சமற்ற இடமாகட்டும். வாசிப்பு பிறகு வரும் என்று காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. ஆனால் கடந்த வாரம், நான் அழைக்காமலேயே வந்து பலகையைத் துடைத்தான்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ 'சண்டி' என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தால், அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். உங்கள் பட்டறிவையும் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.