பல்லிக்கு ப்ரமோஷன் இல்லை

நாற்பத்து மூன்று வயதில் வீடியோ கேம் ஆடுகிற குமாஸ்தாவைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். தப்பு அக்கா பையன் மேல். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவன், தன் பழைய நின்டெண்டோ 3டிஎஸ்ஸை என் கையில் திணித்து, "போகிமான் சன், மாமா. சும்மா ஆடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

2016 நவம்பரில் வந்த ஆட்டம். ஹவாய்த் தீவுகளை மாதிரியாக வைத்துச் செய்த 'அலோலா' என்கிற கற்பனைப் பிரதேசம். அங்கே வேலா என்று ஓர் எரிமலை. அதன் உச்சியில் ஸலாஸில் என்கிற ராட்சதப் பல்லி நின்றுகொண்டு என்னை மூன்று தடவை துவைத்துக் காயப் போட்டது. விஷமும் அதுவே, நெருப்பும் அதுவே. பக்கத்தில் ஏவலுக்கு ஒரு குட்டிப் பல்லி வேறு. மண் வகை அடி பட்டால் மட்டும் அதற்கு நாலு மடங்கு வலிக்கும் என்று லேட்டாகப் புரிந்து, ஒருவழியாக ஜெயித்தேன்.

பிறகு ஆசை வந்தது. குட்டி ஒன்றைப் பிடித்தேன். அதன் பெயர் ஸலாண்டிட். உடம்புத் திரவத்தை எரித்து விஷப்புகை விடும். எதிரி கிறுகிறுத்து நிற்கும்போது பாயும். 33-வது லெவலில் ஸலாஸிலாக மாறும் என்று எங்கேயோ படித்திருந்தேன். 'கோபு' என்று பெயர் வைத்து, பஸ்ஸில், லஞ்ச் டயத்தில், பாத்ரூமில்கூட வளர்த்தேன்.

33 வந்தது. மாறவில்லை. 34, 35... 38. ம்ஹூம்!

அக்கா பையனுக்கு போன் போட்டேன்.

"ஆணா, பொண்ணா மாமா?"

"ஆண்."

"அப்ப மாறவே மாறாது. பொண்ணுதான் மாறும். எட்டுல ஒண்ணுதான் பொண்ணு."

"ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே!"

சுருக்கென்றது. காரணம் பல்லி இல்லை. இரண்டு வாரம் முன்னால்தான், ஆறு வருஷமாக நான் காத்திருந்த ப்ரமோஷன் லிஸ்ட் பற்றி விசாரிக்கப் போனேன். "உங்க கேடர்ல இதுக்கு மேல போஸ்ட்டே கிடையாதே, சார்" என்றார் செக்‌ஷனில். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு இதே பதில். வீட்டில் மட்டும், "லிஸ்ட் லேட்டாகுது" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப கோபுவை விட்டுடவா?" என்றேன்.

"எதுக்கு? மாறாட்டி என்ன மாமா, லெவல் 100 வரைக்கும் ஏறுமே!"

அன்று ராத்திரி மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். லிஸ்ட் கேக்கப் போறேன்னு போனவர் சாயங்காலம் வாயே திறக்கலையே. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்க்ரிமென்ட் வரும்தானே?" என்றாள்.

"வருஷா வருஷம் வரும்."

"அது போதும். இந்தப் பூண்டை உரிங்க."

உரித்தேன். கோபு இப்போது 61-ல் இருக்கிறான். அதே குட்டி உடம்புதான். நேற்றுகூட தன்னைவிடப் பெரிய ஒன்றைப் புகை போட்டுச் சாய்த்தான்.